அசைய மறுக்கும் கை

கணினியில் வரைந்த மனித உருவம் ஒன்று கையசைக்க வேண்டும். ஓவியர் அதனை இலஸ்ட்ரேட்டரில் வரைந்து, 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் அசைவூட்ட மென்பொருளுக்குள் கொணர்கின்றார். கையை அசைத்தாலோ உடல் முழுவதுமே சேர்ந்து அசைகின்றது! பழி அசைவூட்ட மென்பொருளின் மீது விழுகின்றது. பிழை பெரும்பாலும் வரைந்த கோப்பினுள் இருக்கின்றது.

அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்றது. கோப்பினை வெறும் படமாக இறக்குமதி செய்தால் அத்தாள்கள் யாவும் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் ‘காம்போசிஷன்’ என்னும் தெரிவைக் கொள்ளுதல் வேண்டும். அதன் பின்னரும் கை பிரியாதாயின், மேல்மட்டத்து அடுக்குகள் மாத்திரமே தனித்தனியாக வந்து சேரும் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. ஓர் அடுக்கினுள் உள்ளடுக்குகளும் குழுக்களும் எத்தனை இருப்பினும் அவை ஒன்றாகவே கொள்ளப்படும். இலஸ்ட்ரேட்டரில் ‘ரிலீஸ் டு லேயர்ஸ்’ என்னும் கட்டளை உறுப்புகளைப் பிரிக்கும். ஆயினும் பிரிந்தவை உள்ளடுக்குகளாகவே நிற்கும். அவற்றைக் கையால் இழுத்து மேல்மட்டத்தில் வைத்தல் வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

நிறம் மாறித் தோன்றினால், கோப்பு அச்சுக்குரிய நால்வண்ண முறையில் உள்ளதா எனப் பார்த்துத் திரைக்குரிய மூவண்ண முறைக்கு மாற்றுதல் தகும். பெருப்பித்த உருவத்தின் விளிம்பு மங்கினால் அஞ்சவேண்டியதில்லை. ‘கன்டினியூவஸ்லி ராஸ்டரைஸ்’ என்னும் பொத்தானை அழுத்தக் கூர்மை திரும்பும்.

மூலக் கோப்பில் பின்னர் செய்யும் திருத்தங்கள் அசைவூட்டத்திலும் வந்து சேரும். புதிதாக வரைந்து சேர்த்த அடுக்கோ தானாக வராது. அதற்காகக் கோப்பினை மீண்டும் இறக்குமதி செய்தல் வேண்டும்.