திறந்து கிடக்கும் அஞ்சல் பக்கமும் தளர்வுறும் கணிப்பொறியும்

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வட்டவடை முதலிய மலைப் பகுதிகளிலும் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் பல உள்ளன. இவற்றின் ஆசிரியர்களும், கிருஷி பவன் போன்ற அலுவலகங்களின் கள ஊழியர்களும் இன்று நாள்தோறும் கணிப்பொறியின் முன் அமர வேண்டியவர்களாக இருக்கின்றனர். உதவித்தொகை விண்ணப்பம், மாணவர் விவரம், பயிர்ச்சேத அறிக்கை ஆகியவை இணையப் படிவங்களாகவே மேலிடத்துக்குச் செல்கின்றன. குறித்த தேதிக்குள் படிவம் சென்று சேராவிடில் நட்டம் அடைவது ஊழியர் அல்லர்; மாணவரும் விவசாயியுமே.

இத்தகைய வேளையில் சாதாரணமாக எழும் முறையீடு ஒன்றுண்டு. காலையில் நன்றாக இயங்கிய உலாவி பிற்பகலில் தளர்ந்துவிடுகிறது. எழுத்தை அழுத்தினால் அது திரையில் தோன்றச் சில வினாடிகள் ஆகின்றன. உடனே, "மலைப் பிரதேசம், லைன் சரியில்லை" என்று இணைப்பின் மேல் பழி சுமத்தப்படுகிறது. பல சந்தர்ப்பங்களில் இணைப்பு குற்றமற்றது. காலையில் திறந்து, மூடாமலே விடப்பட்ட மின்னஞ்சல் பக்கமே காரணமாக இருக்கக்கூடும்.

இணைப்பா, இயந்திரமா என்று பிரித்தறிவது எளிது. இணைப்பு மந்தமானால் புதிய பக்கம் வந்து சேரத் தாமதமாகும். ஏற்கெனவே திரையில் முழுமையாக வந்துவிட்ட பக்கத்தை மேலும் கீழும் நகர்த்துவதில் தடை ஏதும் இராது. அவ்வாறு நகர்த்தும்போதே பக்கம் தயங்கித் தயங்கி அசைந்தால், குறை கணிப்பொறிக்கு உள்ளே இருக்கிறது. வன்தட்டின் சிறு விளக்கு ஓயாமல் மினுக்குவதும் இதற்கு மற்றோர் அடையாளமாகும்.

அஞ்சல் பக்கம் ஏன் இவ்வளவு சுமையாகிறது? ஹாட்மெயில் 1996-ம் ஆண்டு தோன்றிய காலத்தில் அஞ்சல் பக்கம் என்பது அச்சிட்ட தாள் போன்றது. ஒருமுறை வந்து சேர்ந்தால் அதன் வேலை முடிந்தது. 2004-ல் வெளிவந்த ஜிமெயில் வேறொரு முறையைப் பரவச் செய்தது. இம்முறையில் வருவது தாளன்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட ஒரு முழு நிரல். பக்கம் திறந்திருக்கும் வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். புதிய கடிதம் உண்டா என்று சேவைக் கணிப்பொறியோடு தொடர்பு கொள்ளும். உரையாடல் பலகை, நாட்காட்டி ஆகியவற்றையும் உடன் வைத்திருக்கும். படித்த கடிதங்களை மறுபடி விரைந்து காட்டும் பொருட்டு நினைவகத்தில் சேமிக்கும். இவற்றால் ஒரு பக்கமே சில நூறு மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. பழைய கணிப்பொறிகளுக்கு ஏற்றதாயிருந்த ஜிமெயிலின் எளிய வடிவம் 2024-ன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டதால், அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இதனோடு "நினைவகக் கசிவு" என்னும் குறையும் சேர்வதுண்டு. பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருவதாகும். நினைவகம் எங்கும் ஒழுகிப் போவதில்லை. நிரல் தனக்கு இனித் தேவையில்லாத பொருள்களை உலாவி அவ்வப்போது கண்டறிந்து அகற்றி, அவை இருந்த இடத்தை மீட்கிறது. ஆனால் நிரலின் ஏதோ ஒரு மூலையில் அப்பொருளைச் சுட்டும் குறிப்பு எஞ்சியிருக்குமானால், அது இன்னும் உபயோகத்தில் உள்ளதென்றே உலாவி கருதும். நூலகத்தில் எவரும் படிக்காத புத்தகம் ஒருவர் பெயரில் எழுதப்பட்டே கிடப்பதற்கு இது ஒப்பாகும். மணிக்கு மணி இவ்வாறு இடம் குறைந்துகொண்டே வரும்.

நினைவகம் நிரம்பியதும் கணிப்பொறி அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி, வேண்டும்போது திரும்பக் கொணர்கிறது. நினைவகத்தை எட்டுவதற்கு ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு ஆகுமெனில், சுழலும் வன்தட்டை எட்ட நூற்றில் ஒரு பங்கு ஆகும். அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. மாற்றுவதும் கொணர்வதுமே முழுநேர வேலையாகி, உரிய வேலை நின்றுபோகும் நிலையைப் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-ல் ஆராய்ந்து விளக்கினார். 4 ஜிகாபைட் நினைவகமுடைய பழைய மடிக்கணினிகளில் இந்நிலை விரைவில் வந்துவிடுகிறது.

பரிசோதிக்கும் முறை வருமாறு. குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் பட்டியலில் "மோர் டூல்ஸ்" என்னும் பகுதியில் "டாஸ்க் மேனேஜர்" உள்ளது. அதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் பிடித்துள்ள நினைவகத்தின் அளவும், மையச் செயலியை உபயோகிக்கும் விகிதமும் காணப்படும். ஒருமுறை பார்த்தால் போதாது. காலை பத்து மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் குறித்துக்கொள்ள வேண்டும். எவரும் தொடாத அஞ்சல் பக்கத்தின் எண் ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தால் கசிவு என்று ஐயுறலாம். நினைவகம் ஏறாமல் செயலியின் விகிதம் மட்டும் ஓயாது உயர்ந்திருந்தால், உலாவியில் பின்னர் சேர்க்கப்பட்ட நீட்சி நிரல் எதுவும் காரணமா என்று பார்க்க வேண்டும். அந்தரங்கச் சாளரத்தில் சாதாரணமாக நீட்சிகள் இயங்கா. ஆகையால் அஞ்சலை அதில் திறந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நிவர்த்தியில் முதன்மையானது, செய்யத்தகாததை அறிவதாகும். உலாவி முழுவதையும் வலிந்து மூடுதல் கூடாது; வேறு பக்கத்தில் பாதி நிரப்பிய படிவம் அதோடு அழிந்துபோகக்கூடும். 2008-ல் குரோம் வெளிவந்தது முதல் பக்கங்களைத் தனித்தனிச் செயல்களாக இயக்கும் முறை பரவியுள்ளது. எனவே அஞ்சல் பக்கத்தை மட்டும் மூடி மறுபடி திறந்தாலே, பிடித்திருந்த இடம் பெரும்பாலும் விடுபடும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் வரைவுத் தொகுப்பில் சேர்ந்துவிட்டதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வது நன்று. பழைய கடிதங்களை உட்கார்ந்து அழிப்பது வீண் உழைப்பு. அவை இருப்பது தொலைவிலுள்ள சேவைக் கணிப்பொறியில். பள்ளியின் மடிக்கணினியில் அன்று.

குரோமில் "மெமரி சேவர்" என்னும் ஏற்பாடு உண்டு. உபயோகமற்றிருக்கும் பக்கங்களை அது உறங்கச் செய்து இடத்தை மீட்கிறது. எனினும் அறிவிப்புகளை அனுப்ப அனுமதி பெற்ற பக்கங்களை அது விட்டுவிடும். புதிய கடிதம் வந்ததும் அறிவிக்குமாறு அநேகர் அஞ்சல் பக்கத்துக்கு அவ்வனுமதியை அளித்திருப்பதால், எதை உறங்கச் செய்ய வேண்டுமோ அதுவே விழித்திருக்கிறது! அனுமதியை நீக்கினால் இத்தடை அகலும். அஞ்சலின் அமைப்புகளில் உரையாடல் பலகையை நிறுத்துவதும் சுமையை ஓரளவு குறைக்கும்.

நாள் முழுவதும் கடிதங்களோடு பழக வேண்டியவர்கள் தண்டர்பேர்ட் போன்ற தனி அஞ்சல் நிரலை மேற்கொள்ளலாம். அது விலையின்றிக் கிடைப்பது. கடிதங்களின் பிரதியை அது இயந்திரத்திலேயே வைத்துக்கொள்ளுமாறு அமைக்கலாம். மழைக்காலத்தில் இணைப்பு அறுபடும் மலையூர்களில், முன்பு வந்த சுற்றறிக்கையை அப்போதும் எடுத்துப் படிக்க இயலும். ஆனால் பலர் பொதுவாக உபயோகிக்கும் பள்ளிக் கணிப்பொறியில் இதனை அமைத்தல் தகாது. ஒருவர் கடிதம் மற்றவர் கண்ணில் படும். அங்கே அஞ்சலைப் பார்த்து முடித்ததும், பக்கத்தை மூடுவதோடு நில்லாமல், கணக்கிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும்.