செயற்கைச் சுருள் சிதைந்துவிட்டதா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலைக்கு அண்மையில் உள்ளது கணியம்பாடி. அங்கு நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு சென்றிருந்தோம். அண்ணனின் திருமணத்திற்கு மூன்று வாரங்களே இருந்தன. தங்கையோ அறையை விட்டு வெளியே வர மறுத்தாள். நகரத்து அழகு நிலையம் ஒன்றில் 'பெர்ம்' செய்துகொண்டு திரும்பிய அவளது கூந்தல், தேங்காய் நாரைப் போல் சொரசொரத்து நின்றது. தாயார் கடிந்துகொண்டே இருந்தார். "நாளையே சென்று நேராக்கிக்கொண்டு வருகிறேன்" என்று மகள் அழுதாள். "வேண்டாம் அம்மா, சற்றுப் பொறு" என்றோம்.

ஏன் அவ்வாறு கூறினோம்? தலைமுடி கெரட்டின் எனும் புரதத்தால் ஆனது. கந்தகப் பிணைப்புகளே அதற்கு உறுதியளிக்கின்றன. உருளைகளில் சுற்றிய முடியின்மீது இடப்படும் முதல் மருந்து, அப்பிணைப்புகளுள் பலவற்றை அறுக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாம் மருந்து, புதிய வடிவில் அவற்றை மீண்டும் இணைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலில், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடியை நீக்குவதை நம் பகுதியினர் அறிவர். அங்கு முடியையே கரைத்துவிடுமளவு அறுக்கப்படும் அதே பிணைப்புத்தான் இங்கு அளவோடு அறுக்கப்படுகிறது. நேராக்கும் மருந்துகளுள் பலவும் இப்பிணைப்பையே தாக்குவன. ஆகவே, நொந்த முடிக்கு உடனே அதனையும் இட்டால், முடி ஒடிந்து விழக்கூடும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பெர்ம் முறை ஒன்றை உருவாக்கிய கார்ல் நெஸ்லர் என்னும் ஜெர்மானியர், தம் மனைவியிடமே அதனைச் சோதித்தார். முதலிரு முயற்சிகளிலும் அவ்வம்மையாரின் கூந்தல் கருகிப்போயிற்று என்பர். எனவே, இத்துன்பம் நம் இல்லத்துப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று!

இனி, வீட்டிலேயே செய்யத்தக்கவற்றைக் காண்போம்.

சுருள் மிக இறுக்கமாக அமைந்து, இரண்டு நாட்களும் கடவாதிருந்தால், மென்மையான ஷாம்பூவால் அலசிக் கண்டிஷனர் தடவி, அகன்ற பற்களுடைய சீப்பால் மெல்ல வாருங்கள். சுருள் சிறிது தளரக்கூடும். ஆனால், உச்சந்தலை எரிந்தாலோ கொப்புளம் கண்டாலோ, வேறெதுவும் செய்யாமல் தோல் மருத்துவரை நாடுங்கள்.

முடி வறண்டு பறந்தால், குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதை 2003-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஊறவைத்து அரைத்த வெந்தயமோ, செம்பருத்தி இலைச் சாறோ முடிக்கு வழுவழுப்பைத் தந்து சிக்கைக் குறைக்கும். அறுந்த பிணைப்பை இவை ஒட்டவைப்பதில்லை; எனினும் மேலும் ஒடியாமல் காக்கத் துணைபுரியும்.

ஈரமுடியைத் துண்டால் அழுத்தித் தேய்க்காதீர். சிக்கை நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எடுங்கள். சூட்டுக்கருவிகளும் சாயங்களும் சில திங்கள் அணுகவேண்டாம். பிளந்த நுனிகளைச் சிறிது சிறிதாக வெட்டி வாருங்கள். முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளரும். கெட்ட பகுதி மீண்டும் உயிர்பெறாது. ஆனால் வேரிலிருந்து வருவது புதிய முடியே.

கணியம்பாடிப் பெண் நம் சொல்லைக் கேட்டாள். திருமண நாளில், எண்ணெயிட்டு மென்மையாக்கிய கூந்தலை அவளது பாட்டி தாழ்வான கொண்டையாக முடித்து, மல்லிகைச் சரத்தைச் சுற்றினார். வந்திருந்தோருள் எவரும் குறை காணவில்லை. ஆறு திங்களில் கெட்ட பகுதியில் பாதி கத்தரிக்கப்பட்டுவிட்டது.

தாய்மார்களே, உங்கள் மகள் இவ்வாறு கலங்கி நின்றால், முதலில் கடிந்துரையாதீர். அவள் அவமானத்தால் அவசரப்பட்டு மீண்டும் மருந்திடச் செல்வதே பெருந்தீங்கு. எண்ணெய்க் கிண்ணத்துடன் அவளருகில் அமருங்கள். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.