கணினித் திரையில் எமது துறைமுகம்

திருகோணமலையிற் பிறந்தவருக்கு விளையாட்டு என்றதும் கடற்கரை ஞாபகத்துக்கு வருவதே முறை. டச்சுக் குடாவின் மணலிற் பந்தடித்து, மாலையானதும் அலையிலே குதித்து வளர்ந்தவர்களே இவ்வூரில் அநேகர். நாமோ திரைக்கு முன்னே அமர்ந்து விசைகளைத் தட்டிப் பொழுதைக் கழித்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது எமக்கு வெட்கமில்லை.

சிறந்த கணினி விளையாட்டு எதுவென்று மாணவர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. உலகம் முழுவதும் புகழ்கின்ற பெயர்களையே நாமும் ஒப்புவிப்பதிற் பயனில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். புகழ்பெற்ற விளையாட்டுகளிலும் எவரும் எட்டிப்பாராத மூலைகள் உண்டு. அத்தகைய மூலைகளிலேதான் நாம் எமதூரைக் கண்டிருக்கிறோம்.

முதலில் எமது கைக்கு வந்தது, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் 'ரீவி கேம்'. அதிலே செருகும் பெட்டியின் மேல் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் உண்டென்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பத்துப் பதினைந்தே வெவ்வேறானவை. ஏனையவை யாவும் அவற்றின் மறுபிறவிகள்! அவற்றுள் ஜப்பானின் நம்கோ நிறுவனம் 1985 இல் வெளியிட்ட 'பட்டில் சிட்டி' எமது உயிர். செங்கற் சுவருக்குள் இருக்கும் ஒரு பறவைச் சின்னத்தை எதிரித் தாங்கிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை. வெளியே உண்மையான வெடியோசை கேட்ட நாட்களில், பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும்படி அம்மா சொல்வார். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டின் முகப்பிலே மூன்று வரிகள் உண்டு. முதலாவது ஒருவர் ஆடுவதற்கு, இரண்டாவது இருவர் ஆடுவதற்கு. மூன்றாவது வரியைத் தொட்டவர் எமது ஒழுங்கையில் எவருமில்லை. அதனைத் திறந்தால் 13 கட்டம் அகலமும் 13 கட்டம் உயரமும் கொண்ட வெறுங்களம் ஒன்று தோன்றும். செங்கல், இரும்பு, நீர், காடு, பனிக்கட்டி என்பவற்றை அதிலே விரும்பியவாறு பரப்பி எமக்கென ஒரு போர்க்களத்தை நாமே ஆக்கிக்கொள்ளலாம். நாம் ஆக்கியது திருகோணமலை. கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு இரும்பு, கோட்டைக்குள்ளிருக்கும் மரங்களுக்குக் காடு, உட்துறைமுகத்துக்கு நீர். எமது துறைமுகத்தின் விசாலம் அங்கும் தொல்லை தந்தது. தாங்கிகள் நீரைக் கடக்க மாட்டா. ஆனால் குண்டுகள் அதன் மேலாகப் பறந்து செல்லும். ஆகவே எதிரி இங்கே வர முடியாது, நாம் அங்கே போக முடியாது, இருபுறமிருந்தும் குண்டுகள் மட்டும் குடாவைக் கடந்துகொண்டிருந்தன. மின்சாரம் நின்றதும் அத்தனையும் மறைந்துவிடும். வரைந்ததைச் சேமித்துவைக்க வழியில்லை. அக்காலத்து மின்வெட்டிற் குறைவேது? எத்தனை முறை அந்தக் குடாவை வரைந்தோமென்று கணக்கில்லை.

நிற்க. வளர்ந்தபின் எம்மை ஆட்கொண்டது 1999 இல் வெளிவந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' என்னும் தொடரின் இரண்டாம் பாகம். விறகு வெட்டி, வயல் உழுது, படை திரட்டி இராச்சியம் அமைக்கும் ஆட்டம் அது. இந்தியர் அதனுள்ளே புகுவதற்கு 2013 வரையும், 'திராவிடர்' என்ற பெயரில் ஒரு தனிப்பிரிவு தோன்றுவதற்கு 2022 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இராசேந்திர சோழனின் படையெடுப்புகளையே ஒரு கதைத்தொடராக அமைத்திருந்தார்கள். 'திரிசடை' என்ற பெயரில் ஒரு போர்க்கப்பலும், சுருள்வாள் ஏந்திய வீரரும் உண்டு. எனினும் போட்டியாட்டக்காரர் பலர் திராவிடரை விரும்பித் தேர்வதில்லை. குதிரைப்படையிற் பலவீனமான பிரிவு அது. பெரும்பாலோர் ஆடுவதோ அரேபியா என்னும் நிலக்களத்தில். கடலே இல்லாத இடத்திற் கப்பற்படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

எமது மனதைக் கவர்ந்தது வேறொரு சிறு விதி. அப்பிரிவின் மீனவர் மற்றவரைக் காட்டிலும் 15 அலகு அதிகமாகச் சுமப்பர். போரின் வெற்றி தோல்விகளைப் பேசுவோர் இதைப் பெரிதாகக் கொள்வதில்லை. கொட்டியாரக் குடாவின் ஓரத்திற் கரைவலை இழுப்போரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த 15 சிறிதாகத் தோன்றாது. ஒன்று மட்டும் குறை. சோழர் என்றதும் வாளும் கப்பலுமே அவ்விளையாட்டை ஆக்கியோருக்குத் தெரிந்தன போலும். எமது மாவட்டத்திலே, பெரியகுளத்தின் அருகே, வெல்கம் விகாரை என்றொரு பௌத்தப் பள்ளி இருக்கிறது. சோழராட்சிக் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிப்பதற்கு அளித்த கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்துள்ளன. வாளெடுத்தவர்களின் காலத்திலேயே ஒரு பள்ளியில் நெய் வார்த்து விளக்கேற்றியவர்களும் தமிழர்களாக இருந்திருக்கிறார்கள். எந்தத் திரையிலும் அவர்களை நாம் கண்டதில்லை.

கனடாவில் ஆக்கப்பட்டு 2023 இல் வெளிவந்த 'வெண்பா' இவற்றினின்றும் வேறானது. புலம்பெயர்ந்து சென்ற தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையே அதன் களம். தாயின் சமையற் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கும். அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். பிரித்தானியாவின் பாஃப்டா விருதை 2024 இல் அது பெற்ற பின்னரும் அவர்களுடைய அபிப்பிராயம் மாறவில்லை. புட்டு அவிப்பதிலும் ஒருவர் தோற்கக்கூடும் என்பதை அறிந்த எமக்கு அது விளையாட்டுத்தான்.

இனி, எம்மிடம் இன்றும் இருக்கும் ஒரு கப்பலைப் பற்றி.

'வேர்ல்ட் ஒஃப் வார்ஷிப்ஸ்' 2015 முதல் உலகெங்கும் ஆடப்பட்டு வரும் கடற்போர் விளையாட்டு. அதிலே 2019 இல் பிரித்தானிய விமானந்தாங்கிகள் வந்து சேர்ந்தன. அவற்றின் முதற்படி 'ஹெர்மிஸ்'. ஆடுவோர் யாவரும் சில நாட்களில் அதைக் கடந்து அடுத்தடுத்த பெரிய கப்பல்களுக்கு ஏறிவிடுவர். ஹெர்மிஸிலேயே தங்குவோரைக் காண்பது அரிது. நாம் தங்கிவிட்டோம். எமது மருமகனுக்கு இது பெரும் மனக்குறை.

"மாமா, உங்களிடம் புள்ளிகள் நிறைய இருக்கின்றனவே! இந்தப் பழைய கப்பலை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்களேன்" என்றான் ஒருநாள்.

அவனுக்கு அந்தக் கப்பலின் கதையைச் சொன்னோம். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் அது. 1924 இற் சேவைக்கு வந்தது. 1942 ஏப்ரில் 5 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலைக்கே என்று அஞ்சி, 8 ஆம் நாள் இத்துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ஹெர்மிஸும் அவ்வாறே 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலின் துணையோடு புறப்பட்டது. மறுநாட் காலை குண்டுகள் இங்கே விழுந்தன. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுக்கும் அன்று சேதம் ஏற்பட்டது. அதே காலையில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸைக் கண்டுகொண்ட விமானங்கள் அதனைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. கப்டன் உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் தப்பவில்லை. நீரிலே தத்தளித்தவர்களில் 600 பேர் வரையில் 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் ஏற்றிக் காப்பாற்றியது. இன்று ஹெர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்திற் கிடக்கிறது.

மருமகன் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு ஒரு நல்ல ஆட்டக்காரன் கேட்க வேண்டியதையே கேட்டான்.

"விமானந்தாங்கி என்றால் விமானங்களை ஏவியிருக்கலாமே?"

ஏவுவதற்கு அன்று அதன் மேற்றளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அவை கரையிலே இறக்கப்பட்டிருந்தன. அவற்றை ஏற்றிக்கொள்ளாமலே கப்பல் கடலுக்குச் சென்றது. உதவி கோரிச் செய்தி அனுப்பினார்கள். போர் விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல்மேற் கப்பல் இல்லை. விளையாட்டிலுள்ள ஹெர்மிஸ் எந்நேரமும் விமானங்களோடு நிற்கிறது. விசையைத் தட்டினால் அவை பறந்தெழும். அன்று தாக்கவந்த விமானங்களை ஏற்றிவந்த கப்பல்களுள் ஒன்றான 'ஷோகாக்கு'வும் அதே விளையாட்டில் ஜப்பானியரின் மூன்றாம் படியில் உண்டு. அதைப் பெறுவதற்குப் பலர் இரவுபகலாய் முயல்வர்.

ஒரேயொரு முறை நாம் ஒரு காரியம் செய்தோம். போர் தொடங்கியபின் ஒரு விமானத்தையும் ஏவாமல் ஹெர்மிஸை மெல்லச் செலுத்திக்கொண்டிருந்தோம். கப்பலின் சிறு பீரங்கிகள் தாமாகவே வானை நோக்கிச் சுட்டன. எம் பக்கத்து ஆட்டக்காரர் பல மொழிகளில் எம்மைத் திட்டி எழுதினார்கள். அவர்களிற் பிழையில்லை, எமது ஞாபகத்துக்காக அவர்கள் ஏன் தோற்க வேண்டும்? அதன்பின் அவ்வாறு செய்ததில்லை. எதிரியின் விமானங்கள் மூன்றாவது தடவையாக வந்தபோது கப்பல் கவிழ்ந்தது.

மருமகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்த விமானங்கள் அன்றைக்கு எங்கே நின்றன?"

யன்னலைத் திறந்து, துறைமுகத்தின் மறுகரையைக் காட்டினோம். சீனன்குடா விமானத்தளத்தின் விளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டிருந்தன.