கையாற் செய்த சர்க்யூட் பலகையில் நேரும் பிழைகளும் அவற்றைத் திருத்தும் முறையும்

திருச்செந்தூர் முதலிய கடலோரப் பகுதிகளில் கிணற்று நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் உட்புகுந்து நிலத்தையும் பயிரையும் கெடுக்கும் என்பது விவசாயிகள் அறிந்த விஷயமே. ஆதலால் நீர்மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியவுடன் பம்பைத் தானே நிறுத்தும் கருவி இப்பகுதிகளுக்கு மிகவும் பிரயோஜனமானது. மின்வேலை பயின்ற இளைஞர் இதற்கான சர்க்யூட் பலகையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் பலகையில் பிழை நேர்ந்தால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தலாகாது என்று பகுத்தறிதல் அவசியம்.

பலகை செய்யும் விதம்

1.6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின்மேல் சுமார் 0.035 மில்லிமீட்டர் செம்பு ஒட்டப்பட்டிருக்கும். லேசர் அச்சில் எடுத்த படத்தை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திச் செம்பில் பதித்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மை படாத செம்பு கரைந்து, மை படிந்த கோடுகள் மட்டும் நிற்கும்.

இடவலம் மாறிய பிழை

சாதாரணமாக நேரும் பிழை இதுவே. 8 கால்களுள்ள 555 என்னும் ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். படம் இடவலம் மாறினால் 1-ஆம் காலின் இடத்தில் 8-ஆம் காலும், 2-இன் இடத்தில் 7-உம் வந்துவிடும். 1 மின்சாரத்தின் எதிர்முனைக்கும் 8 நேர்முனைக்கும் உரியவையாதலால், மின்சாரம் கொடுத்தவுடன் ஐ.சி. கெட்டுப்போகும். இதற்குப் பரிகாரம், ஐ.சி. முதலிய சிறு உறுப்புகளைச் செம்புப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைப்பதாம். ரிலே இருக்கும் பலகையில் அதன் கால்கள் அடியில் மறைந்துவிடுமாதலால், புதிய பலகை செய்வதே நன்று. முன்கூட்டித் தடுக்க, படத்தில் இரண்டோர் எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். தாளில் அவை இடவலம் மாறித் தோன்றினால் செம்பில் நேராக விழும்.

தவறான இணைப்பு

சேரக்கூடாத இரண்டு கோடுகள் சேர்ந்திருப்பின், கூரிய கத்தியால் கோட்டின் குறுக்கே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டுகள் இட்டு, நடுவிலுள்ள செம்பைச் சூடான சால்டரிங் அயனால் இளக்கி எடுத்துவிட வேண்டும். விடுபட்ட இணைப்புக்கு உறையிட்ட ஒற்றைக் கம்பியை மேலால் ஓட்டிப் பற்றவைத்து, அசையாதபடி பசையால் ஒட்டலாம். பின்னர் மல்டிமீட்டரால் ஒவ்வொரு இணைப்பையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

திருத்தலாகாத பிழை

ரிலேயின் ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் 12 வோல்ட் செல்லும். 12 வோல்ட் பக்கத்திலிருந்தே நீர்மட்டம் காணும் கம்பிகள் கிணற்றுக்குள் இறங்குகின்றன. இவ்விரு பக்கக் கோடுகளுக்கும் இடையே குறைந்தது 8 மில்லிமீட்டர் வெற்றிடம் இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின், உப்புக்காற்றின் ஈரம் படிந்து மின்சாரம் தாண்டக்கூடும். கிணற்று நீரில் கை வைப்பவரின் உயிருக்கே அது அபாயம். வார்னிஷ் பூசினால் போதும் என்று எண்ணி இதனைச் சமாளித்தல் தகாது. அப்பலகையை ஒதுக்கிவிட்டு, படத்தைத் திருத்தி, புதிதாகச் செய்வதே தக்கது. மூன்று பேஸ் மோட்டாரை இத்தகைய பலகையில் நேராக இணைக்கலாகாது. தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு தக்க காண்டாக்டர் வழியாகவே இணைக்க வேண்டும்.

பாதுகாப்பு

பற்றவைத்த பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, இருபக்கமும் வார்னிஷ் பூசி, காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் கடற்காற்றில் செம்பு பச்சை பிடிப்பது குறையும். உபயோகித்த ஃபெரிக் குளோரைடு கரைசலில் செம்பு கரைந்திருப்பதால், அது பயிரின் வேருக்கும் மீனுக்கும் நஞ்சாகும். அதனை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாமல் பிளாஸ்டிக் பாத்திரத்தில் மூடிவைத்து, அபாயக் கழிவுகளைப் பெறுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், இணைப்புப் பிழையைக் கத்தியும் கம்பியும் கொண்டு தீர்க்கலாம். இடைவெளிப் பிழைக்குப் புதிய பலகை ஒன்றே பரிகாரம்.