சத்து மிகுந்தும் உயிர் குறைந்த மண்

குஜராத்தில் தொடங்கும் ஆரவல்லி மலைத்தொடர் தில்லி மாநகருக்குள் நுழைந்து, வஜீராபாத் அருகே யமுனைக் கரையில் முடிகிறது. 'ரிட்ஜ்' என்று தில்லிக்காரர்கள் சொல்லும் இந்தக் குன்றுகளின் பாறைக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆற்றோரத்தில் இருப்பதோ, இமயமலையை அரித்து யமுனை கொண்டுவந்து சேர்த்த வண்டல். ஒரே ஊரில் இரண்டு மலைகளின் மண்!

செடிக்கு வேண்டிய தழைச்சத்து பெரும்பாலும் காற்றிலிருந்து நுண்ணுயிர்கள் வழியாக வருகிறது. மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பாறை கரைந்துதான் கிடைக்க வேண்டும். ரிட்ஜின் குவார்ட்சைட் பாறையோ ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா. எளிதில் கரையாது, கரைந்தாலும் தருவதற்கு அதிகம் இல்லை. கோடையில் ராஜஸ்தானிலிருந்து வீசும் புழுதிக்காற்று சிறிது சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுவந்து தூவுகிறது.

ஒரே குன்றிலும் மண் ஒன்றுபோல் இல்லை. மேட்டில் விரல் ஆழம் தோண்டினால் செம்மண் சரளை. அதற்குக் கீழே பாறை. நம் ஊர் வெக்காலியின் உறவான தௌ மரம் பாறை இடுக்கில் வேர்விட்டு நிற்கிறது. அந்த இடுக்கில் சருகை விலக்கிப் பாருங்கள்: மேலே முழு இலைகள், அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், அதற்கும் அடியில் வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடும் கரிய மட்கு. மழை இந்த மட்கையும் களியையும் கீழே இழுத்துச் செல்வதால் பள்ளத்து மண் கொழுக்கிறது. அங்கே புரசு வளர்கிறது. உயரமும் மண்ணை மாற்றும். நீலகிரிச் சோலைகளில் குளிரால் மட்குதல் மெதுவாக நடப்பதால், கரிமம் சேர்ந்து மண் கறுத்திருக்கிறது.

மண்ணை மாற்றும் இன்னொரு சக்தி, மரமேதான். ஆங்கிலேயர் காலத்தில் தில்லியைப் பசுமையாக்கக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் ரிட்ஜின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இந்தர்ஜித்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை நம் வன்னி மரத்துடன் ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சீமைக்கருவேலத்தின் வேர்மண்ணில் வன்னியின் வேர்மண்ணைவிட மணிச்சத்து அதிகம். ஆனாலும் அதன் நிழலில் மிகக் குறைந்த செடிவகைகளே வளர்ந்தன. அதே வேர்மண்ணில் உப்பும் ஃபீனால் சேர்மங்களும் கூடுதல். அதன் சருகைப் போட்டபோது உள்நாட்டுச் செடிகள் அதிகம் மடிந்தன. இதே மரம், பிறந்த மண்ணான வெனிசுவேலாவில் தன்கீழ் மற்ற செடிகளை வாழவைக்கிறது என்பதுதான் வியப்பு.

ஆகவே, சத்தின் அளவை மட்டும் வைத்து ஒரு காட்டு மண்ணை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. தௌ மரத்துக்கு ரிட்ஜின் ஏழை மண் குறையல்ல, அதுதான் வீடு. வசந்த விகார் அருகே, சுரங்கம் தோண்டிப் பாழான நிலம் உள்ளூர் மரங்களைக் கொண்டே ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மீண்டிருக்கிறது. மலைக்காட்டில் மரம் நட நினைப்பவர்கள் முதலில் அங்குள்ள பாறையையும் சரிவையும் படித்துவிட்டு, பிறகு கன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.