தொலைத்திரைக் கோளாறுகள்

குமாரபாளையத்தில் லுங்கிக் கட்டத்தைக் கணினியில் வரையும் அங்கத்தினர்கள், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கலாம். அங்கே சன்ஷைன், வீட்டில் மூன்லைட் என்னும் இலவச மென்பொருள்கள் வேண்டும். இவற்றில் நேரும் கோளாறுகளைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

இணைப்புக் கிட்டாவிடில், அலுவலகக் கணினி உறங்கிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரு கணினிகளையும் ஒரே வைஃபையில் இணைத்தால் கிட்டுகிறது, வீட்டிலிருந்து கிட்டவில்லை எனில், குற்றம் வழியில் உள்ளது. இன்டர்நெட் நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியை வாடிக்கையாளர் பலருக்குப் பங்கிடுகின்றன. அப்போது ரூட்டரில் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை இரு புறமும் நிறுவுதல் நலம்.

திரை கறுத்திருந்தால் அலுவலக மானிட்டர் அணைந்திருக்கலாம். மானிட்டரே இல்லாத கணினிக்குப் போலி எச்.டி.எம்.ஐ. பிளக் ஒன்று போதும்.

நெசவாளர் மிகவும் கவனிக்க வேண்டியது நிறக்கோளாறே. படம் விரைந்து செல்லும்பொருட்டு, நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறக்குறிப்பு அனுப்பப்படுவது வழக்கம். வெளிச்ச விவரம் மட்டுமே முழுமையாக வரும். ஆதலின் நீலத்தினருகே ஓடும் ஒற்றைப் புள்ளிச் சிவப்புக்கோடு மங்கிக் கலங்கும். டிசைன் கெட்டதென்றெண்ணித் திருத்தப் புகுந்தால், துணி தறியில் இறங்கும்போதுதான் பிழை தெரியும்; நூலும் கூலியும் வீண். இரு கணினிகளும் இடங்கொடுக்குமாயின், மூன்லைட் அமைப்பில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுக்க இக்குறை நீங்கும். சாயத்தை மட்டும் எந்தத் திரையைக் கண்டும் முடிவு செய்யலாகாது; நூல் மாதிரியே சான்று.

கோளாறு நீக்கித் தருவதாகப் போனில் அழைப்போரிடம் எனிடெஸ்க் எண்ணைக் கூற வேண்டாமென்று வேண்டுகிறோம். இவ்வகை மோசடி குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.