வைரம் போன்ற உலோகமும் வளையும்!

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்து தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்குள்ள பட்டறைகளில் லேத் ஓட்டுவோருக்குத் தெரியும்: இரும்பைச் சீவித் தள்ளுவது ஒரு சிறிய முனை. அதற்குப் பெயர் கார்பைடு 'டிப்'.

இரும்பையே சீவும் அந்த முனையும் சூட்டில் வளைந்து விடுவது உண்டு! வளைந்தால் உருப்படியின் அளவு தப்பும். முனை ஒடிந்து கண்ணில் தெறிக்கவும் கூடும்.

பல்பு தந்த பரிசு

மின்சார பல்புக்கு உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பியை மெல்லியதாக இழுக்க, மிகக் கெட்டியான அச்சு தேவைப்பட்டது. 1923-ல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் அதற்கு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடு பொடியுடன் கோபால்ட் பொடியைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டார். பிறகு இது 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்று பொருள். 1964-ல் பெங்களூரிலும் விடியா நிறுவனம் தொடங்கப்பட்டது.

கடலை உருண்டை

இது வளைவது ஏன்? கடலை உருண்டையைப் பாருங்கள். கடலையைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெல்லப்பாகு. வெயிலில் வைத்தால் பாகு இளகும். கடலை கெட்டியாகவே இருக்கும். உருண்டை மட்டும் சரியும்.

டிப்பில் கார்பைடு துகள்தான் கடலை. கோபால்ட்தான் பாகு. வேகமாகச் சீவும்போது முனையின் சூடு 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறுவது உண்டு. கோபால்ட் உருக 1,495 டிகிரி வேண்டும். ஆனால் உருகும் முன்பே அது இளகி விடுகிறது. சீவும் அழுத்தமோ விடாமல் முனையைத் தள்ளுகிறது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நகர்கின்றன. துகள்களுக்கு இடையே சிறு வெடிப்புகள் உண்டாகின்றன. முனை தாழ்கிறது, கடைசியில் ஒடிகிறது.

தடுக்க வழி என்ன?

வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும். கோபால்ட் குறைவாக உள்ள டிப் அதிகச் சூடு தாங்கும். ஆனால் அதிர்ச்சி தாங்காது, உடையும். டாண்டலம் கார்பைடு சேர்த்த டிப்பும் சூட்டுக்கு எளிதில் வளையாது. சூட்டைத் தடுக்க மேலே மெல்லிய பூச்சு பூசிய டிப்புகளும் வந்துள்ளன.

குளிர்ச்சிக்கு ஊற்றும் திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். விட்டுவிட்டு ஊற்றினால் முனை விரிசல் விடும். கண்ணாடி அணியாமல் எந்திரத்தின் முன் நிற்கவே கூடாது. டிப் ஒடிந்தால் வேறு மாட்டலாம். கண் போனால் வராது!